படி இல்லாத நாள்

அறுபதாவது படியில் நான் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் அம்மா குனிந்தபடியே மஞ்சள் பூசிக்கொண்டு போனாள். அடுத்து தேசம்மா அக்கா, மஞ்சளின் மேல் குங்குமப் பொட்டு. மூன்றாவது ஆள் நான். பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சூடம் வைத்து ஏற்றுவது என் வேலை. அக்காவின் எட்டு மாதப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நைனா ஓரமாக ஏறி வந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

டிசம்பர் மாதத்தின் கடைசி நாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்ட ஈரம் வேட்டியில் இன்னும் இருந்தது. கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. முன்னால் போனவர்கள் ஏற்றிய சூடம் அங்கங்கே கறுப்பு வட்டமாகக் கிடந்தது.

"இன்னாடா நின்னுட்டே? சூடத்தை வை," என்றாள் அம்மா, நிமிராமலே.

"இந்த நாளுக்குப் படி இல்லம்மா."

அம்மா நிமிர்ந்தாள். முழங்கை வரைக்கும் மஞ்சள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மேலே யாரோ மயக்கம் போட்டுவிட்டதாகக் கீழே ஒரு குரல் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அந்த வருஷத்து மாசி மாதத்துக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் படிகளைப் பற்றிக் கொஞ்சம்.

நாளுக்கு ஒன்று

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை. எல்லாப் படியையும் ஏறினால் ஒரு வருஷத்தை முழுசாகக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்த மாதிரி. அதனால்தான் வருஷக் கடைசி நாளில் அத்தனை கூட்டம். பஜனை கோஷ்டிகள் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். வேண்டுதல் உள்ளவர்கள் படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றுவார்கள்.

இரண்டு வாரம் முன்பு இந்தத் தொடரில் படிகளைப் பற்றி ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தேன். வேலூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டுவிட்டார். அவர் எண்ணிப் பார்த்தாராம், கணக்கு இடிக்கிறதாம். ஐயா, மண்டபத்துக் கல்லைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதைப் பொறுத்தது அது. எங்கள் குடும்பத்துக்கு எத்தனை படி என்பதை ஒரு சூடப் பொட்டலம் சொன்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அவனவன் பிறந்த தேதிக்கு எத்தனையாவது படி வருகிறதோ அது அவனவன் படி. அதில் உட்காரும் உரிமை அவனுக்குத்தான். ஆனால் எங்களில் யார் வீட்டிலும் தேதி குறித்து வைக்கிற வழக்கம் இல்லை. சேர்க்கும்போது வாத்தியாரே வயசுக்குத் தக்கபடி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்த நாள். அந்தப் படியில் மட்டும் எப்போதும் தள்ளுமுள்ளு நடக்கும்.

அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் படி ஏறினால் வாய் தானாகத் தேதி சொல்லும். முப்பத்தொன்றோடு ஜனவரி முடியும். ஐம்பத்தொன்பதில் பிப்ரவரி இருபத்தெட்டு, அறுபதில் மார்ச் ஒன்று.

சாமியின் கோபம், நைனாவின் கோபம்

முருகன் சூரனோடு சண்டை போட்டுவிட்டு வந்து கோபம் தணிந்து உட்கார்ந்த மலை எங்களுடையது. மற்ற ஊர்களில் சஷ்டிக்குச் சூரனை வதைப்பார்கள். இங்கே அது கிடையாது. சாமிக்குப் பூப்போடுவதோடு சரி.

அந்த மலையின் கண்பார்வையில், ஆர்.கே.பேட்டை ரோட்டில், எங்கள் நெசவாளர் தெரு. அங்கே எங்கள் நைனாவுக்கு வருகிற கோபத்துக்கு அளவு இல்லை. தறியில் நாடா சிக்கினால் கோபம், குழம்பு ஆறினால் கோபம், பஸ் வந்தாலும் கோபம், வராவிட்டாலும் கோபம். ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். காலையில் திட்டு வாங்கினவர் சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து டீ குடிப்பார். வாயால் வந்தது காற்றோடு போய்விடும் என்பது தெருவுக்கே தெரியும்.

போகாமல் தங்கிய கோபம் ஒன்றே ஒன்று. அது தங்கியதற்குக் காரணம் நான்.

அக்காவை நகரிப் பக்கம் கொடுத்திருந்தோம். ஆந்திரா என்று பெயரே தவிர, பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம். நான் பாவா என்று கூப்பிடுவேன். அவரும் நெசவுக்காரர்தான். வருஷம் தவறாமல் அவர் ஊர் பஜனை கோஷ்டியோடு படித் திருவிழாவுக்கு வந்து தாளம் போடுகிறவர். வீட்டுக்கு வந்தால் தறிச்சட்டத்தில் விரலால் தாளம் போட்டு நைனாவிடம் திட்டு வாங்குவார்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். எங்கள் வீட்டில் சீமந்தம். தெரு அடைத்துப் பந்தல். பாவாவின் அம்மா வந்தார், அத்தைகள் வந்தார்கள், பாவா வரவில்லை. மிஷின் தறிக்குக் கரண்டு கொடுக்கிறவர் அன்றைக்குத்தான் வருகிறேன் என்றாராம். மாதக்கணக்கில் நடையாய் நடந்து கிடைத்த நாள், விட்டால் எப்போது வருமோ என்று அவர் அம்மா சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுக் கேட்டு நைனாவைக் குடைந்துவிட்டார்கள்.

பந்தல் பிரிப்பதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு லெட்டர் எழுதச் சொன்னார்.

ஐந்து மார்க் தமிழ்

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்போதுதான் வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு ஆர்டர் வருமென்று காத்திருந்தேன். தெருவில் யாருக்கு லெட்டர் என்றாலும் நான்தான் எழுதுவேன். என் கடிதங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நைனா சொன்னது இவ்வளவுதான்: "கோவமா கீறேன், கொஞ்ச நாளைக்கி இந்தப் பக்கம் வராதேன்னு எழுது."

பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி வலது பக்க மூலையில் ஊரும் தேதியும் போட்டேன். அது லீப் வருஷம். தேதி பிப்ரவரி இருபத்தொன்பது. பிறகு யோசித்தேன். கோவமா கீறேன் என்பதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? கட்டுரைக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கித் தந்த தமிழ் என் கைக்கு வந்தது. 'இனி எங்கள் வீட்டு வாசற்படியைத் தாங்கள் மிதிக்கலாகாது' என்று எழுதினேன். கொஞ்ச நாளைக்கு என்பது அந்த வாக்கியத்தில் எங்கேயும் உட்காரவில்லை. விட்டுவிட்டேன்.

நைனா படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்தபோது எனக்கே நாக்கு எழவில்லை. அந்த இடத்தில் மட்டும் பேப்பரை விட்டுவிட்டு, அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "ஆங், போடு," என்றார். தபாலில் போட்டுவிட்டேன். மறுநாளே அவருக்குக் கோபம் போய்விட்டது. மாப்பிள்ளைக்குக் கரண்டு வந்துதா என்று யாரிடமோ விசாரித்தார்.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. பாவாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும். படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் கடை முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசித்திருக்கிறார்.

சித்திரை வெயிலில் பாப்பா பிறந்தாள். ஆள் அனுப்பினோம். பாவா வரவில்லை. பிள்ளை பெற்றவளைப் புருஷன் வந்து அழைத்துப்போவதுதான் எங்களில் வழக்கம். அவராக வராமல் அக்காவால் போக முடியாது. நகரியிலிருந்து பாவா சொல்லி அனுப்பிய பதில் ஒன்றே ஒன்று. வாயால் சொன்னால் மறந்துவிடுவேன், எழுத்தில் கொடுத்துவிட்டாரே, எந்தப் படியை மிதித்து வருவது?

அந்தப் பதிலைக் கேட்டு நைனாவுக்கு மறுபடி ஏறிவிட்டது. வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா, அதற்கு இத்தனை மாதமா, பெற்ற பிள்ளையைப் பார்க்கக்கூட வரமாட்டானா என்று. ஆவணி போனது, ஐப்பசி போனது. பாப்பா குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். அப்பன் வந்து பெயர் வைக்க வேண்டும் என்று பெயரில்லாமலே பாப்பாவாக இருந்தாள்.

எனக்கு மட்டும் தெரியும் அந்த ஒரு வரி. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். படித்த பிள்ளை என்று தெருவே மதிக்கிறது. சொன்னால் என்ன ஆகும்?

அம்மா படி பூஜை வேண்டிக்கொண்டாள். "இந்த வருசத்துல எந்த நாள்ல கோவம் வந்துச்சோ, ஒண்ணு விடாம எல்லா நாளு படிக்கும் மஞ்சா பூசிடறேன் சாமி. ரெண்டு பேருக்கும் ஆறிப் போவட்டும்." எந்த நாளில் ஏறுவது என்று அவளும் அக்காவும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பஜனை கோஷ்டி வருகிற நாள் அது என்று நைனாவுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

சூடம் எண்ணிப் பொட்டலம் கட்டியது நான். காலண்டரைப் பார்த்து முந்நூற்று அறுபத்தாறு எண்ணினேன்.

மறுபடியும் அறுபதில்

"எந்த நாளுக்குடா படி இல்ல?" என்றாள் அம்மா.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நாள், மலையில் அதற்குக் கல் போடவில்லை என்று விளக்கினேன்.

"அது நம்ம மாசத்துல எப்போ?"

"மாசி. அக்காவுக்குச் சீமந்தம் பண்ண நாளு."

அக்காவின் கை குங்குமக் கிண்ணத்திலேயே நின்றது. அம்மா படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நாளையும் சேர்த்துப் பூசத்தானே அவள் படிக்குப் படி குனிந்து குனிந்து வந்தாள். அவள் கண் கலங்கியது.

"படிச்ச புள்ளையை இட்டுகினு ஏறினா இதான்," என்றார் நைனா. "படியே கொறஞ்சி பூடுது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஈரத்தலையோடு நின்ற ஒரு மெட்ராஸ் அம்மாள், நின்றபடியே சாமி கும்பிட வேண்டியதுதான் என்று முணுமுணுத்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தாளச் சத்தம் கேட்டது. படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற கோஷ்டி எங்களைப் பிடித்திருக்கவே முடியாது. நான் நின்ற நேரத்தில் பிடித்துவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு படி கீழே வந்து, வழி இல்லாமல் நின்று, பாட்டும் முடிந்தது. முன்வரிசையில் பாவா, இரண்டு கையிலும் தாளம்.

நைனா மலையைப் பார்த்து நின்றார். அவர் தோளில் கிடந்த பாப்பா கீழே பார்த்துக் கிடந்தாள். தாளம் பளபளத்ததைப் பார்த்துக் கையை நீட்டினாள். பாவா அவளையே பார்த்தார். தாளத்தை மெதுவாக ஒருதடவை தட்டினார். பாப்பா சிரித்தாள். நைனா திரும்பினார்.

நான் வாயைத் திறந்தேன். முன்னமே யோசித்து வைத்திருந்த நல்ல தமிழ் எதுவும் வரவில்லை.

"பாவா, நைனா வாசப்படின்னு சொல்லவே இல்ல. கொஞ்ச நாளைக்கி வராதேன்னுதான் சொன்னாரு. வாசப்படின்னு எழுதினது நானு."

பாவா என்னை உற்றுப் பார்த்தார்.

"மிதிக்கலாகாது," என்றார், டீக்கடையில் கேட்டபடியே ஒவ்வோர் எழுத்தாக. "அதுவும் நீதானா மச்சான்?"

"ஆங்."

"அந்தக் கடைல இன்னைக்கும் என்னைப் பார்த்தா அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறானுங்க. எனக்கே அர்த்தம் புரிய ரெண்டு நாளாச்சி."

நைனாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. "நீ படிச்சிக் காமிச்சப்போ அது இல்லியேடா?"

"அந்த வரியை உட்டுட்டுப் படிச்சேன் நைனா."

எனக்கு அடி விழுந்திருக்க வேண்டும். இருபது வயசு ஆனாலும் விழுந்திருக்கும். அவருடைய இரண்டு கையிலும் பாப்பா. அடிக்கக் கை இல்லாமல் அப்படியே நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு படி கீழே இறங்கினார்.

"புடி," என்றார் பாவாவிடம். "எம்மா நேரம் தூக்கினு வர்றது? தோளு வலிக்குது."

பாவாவின் கையில் தாளம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, என் கையில் திணித்துவிட்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டார். எட்டு மாதக் குழந்தையை அவர் பிடித்த விதம், புதுசாகத் தறிப் பாவு நூலைத் தூக்குகிறவன் பிடித்த மாதிரி இருந்தது, எங்கே அறுந்துவிடுமோ என்று. அக்கா மேலேயிருந்து, தலையைப் பிடி, தலையைப் பிடி என்று சொன்னாள். தலை நின்று நாலு மாதம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை.

அம்மா மட்டும் இன்னும் அந்தப் படியை விட்டு நகரவில்லை. பிறகு, அவளே ஒரு முடிவுக்கு வந்த மாதிரி, மஞ்சளை அள்ளிப் பூசினாள்.

"இது அதுக்கு அடுத்த நாளுதுன்னு வச்சிக்க. அந்த நாளை ஊட்டாண்ட பாத்துக்கலாம்."

வீட்டில் என்ன பார்ப்பாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரம் இல்லை. கோஷ்டிக்காரர்கள் எங்கள் தாளம் எங்கே என்று சத்தம் போட்டார்கள். மீதி முந்நூற்று ஐந்து படிக்கும் தாளம் தட்டியது நான்தான். ஒரு படியில்கூடச் சரியாக விழவில்லை என்று பாவா இன்றைக்கும் சொல்வார். சூடம் ஏற்றுகிற வேலையை நைனா எடுத்துக்கொண்டார். எங்களுக்காகக் கோஷ்டி கொஞ்சம் வேகமாகப் பாடியது, கோஷ்டிக்காக நாங்கள் கொஞ்சம் மெதுவாகப் பூசினோம். உச்சிக்குப் போகும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சந்நிதியில் யார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஆர்டர் வேண்டும் என்று கேட்க வந்தவன், அதை மறந்துவிட்டேன்.

பாப்பா பாவாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவர் சட்டை முழுக்க அவள் எச்சில்.

மீந்த ஒன்று

கோஷ்டியிடம் சொல்லிக்கொண்டு பாவா எங்களோடு டவுன் பஸ் ஏறினார். வழி நெடுக அக்கா அவரைத் தாளித்தாள். ஒரு கார்டு போடக் கூடாதா, தெலுங்கில் போட்டால் ஆகாதா என்று. தெலுங்கில் போட்டால் அதை நீங்கள் டீக்கடைக்குத்தானே எடுத்துப்போக வேண்டும் என்றார் பாவா. கண்டக்டர் சிரித்துவிட்டார். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

தெரு முனையில் இறங்கி நடந்தோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் பாவாவின் கால் தானாக நின்றுவிட்டது. பாப்பாவோடு தெருவிலேயே நின்றார். உள்ளே போன அக்கா திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

அம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் துளி தண்ணீர் விட்டுக் குழைத்து நைனாவிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. மலையில இல்லாத படி இதான். நீங்களே பூசுங்க."

எங்கள் வாசற்படிக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசுவது பெண்கள் வேலை. நைனா கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாவுக்குக் கஞ்சி தடவுகிற கையால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீள நீளமாக இழுத்துப் பூசினார். அக்கா ஓடிவந்து குங்குமம் வைத்தாள்.

நான் சட்டைப் பையைத் தடவினேன். மலை உச்சியில் நைனா திருப்பிக் கொடுத்த பொட்டலத்தில் ஒரே ஒரு சூடம் மீந்திருந்தது. அதைப் படியின் ஓரத்தில் வைத்து ஏற்றினேன். வேலூர்க்காரருக்கு என் கணக்கு இதுதான்.

சூடம் எரிந்து அடங்கியது. பாவா என் பக்கம் திரும்பினார். கண்ணில் பழைய குறும்பு வந்திருந்தது.

"ஏன் மச்சான், மிதிக்கலாகாதுன்னு எழுதிக் கீதே?"

உட்கார்ந்திருந்த நைனா, மஞ்சள் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"மஞ்சா ஈரமா கீது. தாண்டி வா."

வாசற்படியை எங்கள் வீட்டில் யாருமே மிதிப்பதில்லை. சின்ன வயசில் அதன் மேல் ஏறி நின்றதற்காக நான் வாங்கிய அறைகளுக்குக் கணக்கில்லை. கடிதம் எழுதிய அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பாவா பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது காலை உயரத் தூக்கி, ஈர மஞ்சளில் படாமல் தாண்டி உள்ளே வந்தார்.